எஸ்.ஜி.ஓ.டி. ஏறினால் இதயமா?

கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில் இருக்கிற ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினை உள்ளூர்க்காரர்கள் ‘டிராபிகல்’ என்றுதான் சொல்வார்கள். 1914இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம். மலேரியா, காலா அசார், காலரா என்று ஒரு காலத்தில் வங்காளத்தைப் பிடித்தாட்டிய நோய்களை ஆராய உருவானது. இன்று கிழக்கிந்தியாவின் முக்கியமான எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்று அங்கே நடக்கிறது.

இந்திய அரசு 2004 ஏப்ரல் 1ஆம் தேதி எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தரத் தொடங்கியது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர்களுக்கு இன்று ஐம்பது வயது. அன்று அவர்களுக்கும் அவர்களுடைய டாக்டர்களுக்கும் இருந்த பயம் காசநோய், விடாத வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல். இதயத்தைப் பற்றிக் கவலைப்படும் வயது வரை வாழ்வோம் என்று பலர் நினைத்துப் பார்த்ததே இல்லை. வாழ்ந்துவிட்டார்கள். இனி இதயத்தைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகும் உடலுக்குள் சன்னமான அழற்சி ஒன்று தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிய அது இடம் கொடுக்கிறது. பழைய மருந்துகள் சில கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றிவிட்டன. அதன்மேல் பீடி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

இந்தச் செய்தி காதில் விழுந்தவுடன் பலர் செய்வது ஒன்றுதான். ஏ.ஆர்.டி. மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை விரித்து, தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைத் தேடுவார்கள். எஸ்.ஜி.ஓ.டி. கொஞ்சம் கூடியிருக்கும். அது இதயத்தில் உள்ள நொதி என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். சிலர் ‘மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறது’ என்று முடிவுகட்டி மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் முதலில் அவர்களுக்காக.

நொதிகள் ரத்தத்துக்கு எப்படி வருகின்றன

நொதிகள் செல்களுக்குள் இருந்து வேலை செய்பவை. செல் காயப்பட்டாலோ செத்தாலோ உள்ளே இருந்த நொதி ரத்தத்தில் கசிகிறது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து எங்கோ செல்கள் அடிபட்டிருக்கின்றன என்று ஊகிக்கிறோம். எங்கே என்பதுதான் சிக்கல். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் இருக்கிறது, கை கால் தசையில் இருக்கிறது, இதயத் தசையில் இருக்கிறது, சிவப்பணுக்களிலும் இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கு உரியது. சி.பி.கே. தசைக்கு உரியது, இதயமும் தசைதான் என்பதால் அங்கும் உண்டு. எல்.டி.எச். உடம்பில் எல்லா இடத்திலும் உண்டு. ஜி.ஜி.டி. கல்லீரலும் பித்த நாளமும் சம்பந்தப்பட்டது. மது அருந்துபவர்களுக்கு ஏறும், கல்லீரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்கும் ஏறும்.

எஸ்.ஜி.ஓ.டி.க்கு ‘இதய நொதி’ என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இது ஏறுகிறது என்று 1954இல் நியூயார்க்கில் லடூ, வ்ரோப்லெவ்ஸ்கி, கார்மன் என்ற மூவர் கண்டார்கள். ரத்தத்தை வைத்து மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே அன்று புதுமை. அதன்பிறகு சி.பி.கே., அதில் இதயத்துக்கு நெருக்கமான சி.கே.எம்.பி. என்று வந்தன. இன்று அந்த இடத்தில் இருப்பது ட்ரோபோனின். அது நொதி அல்ல, இதயத் தசையை இயக்கும் ஒரு புரதம். மாரடைப்பா இல்லையா என்று தீர்மானிக்க உலகெங்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாதாரணப் பரிசோதனையில் கூடியிருக்கும் எஸ்.ஜி.ஓ.டி.யை வைத்து இதயத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் வழக்கம் எழுபது வருடப் பழசு.

ஒரு ரிப்போர்ட்டைப் படிப்போம்

படா பஜாரில் மூட்டை இறக்கும் வேலை செய்யும் 48 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். டி.எல்.டி. மாத்திரை (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது) இரவில் ஒன்று சாப்பிடுகிறார். கொழுப்புக்காக ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி. 96, எஸ்.ஜி.பி.டி. 52, ஜி.ஜி.டி. 30, பிலிருபின் 0.8, சி.பி.கே. 1,240.

முதலில் கண்ணில் படுவது 96. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் எஸ்.ஜி.பி.டி. அவ்வளவு ஏறவில்லை. ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் சரியாக இருக்கின்றன. கல்லீரல் பாதிப்பாக இருந்தால் இவை இப்படி அமைதியாக இருப்பது அரிது. சி.பி.கே.யைப் பாருங்கள். ஆண்களுக்கு ஏறக்குறைய 200 வரை இருக்கலாம் என்றால் இவருக்கு ஆறு மடங்கு. அப்படியானால் எஸ்.ஜி.ஓ.டி. வந்த இடமும் தசைதான்.

தசைக்கு என்ன ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. முந்தின நாள் மூட்டை தூக்கியிருக்கிறார். கடுமையான உடல் வேலைக்குப் பிறகு சி.பி.கே. பல நாட்கள் உயர்ந்தே இருக்கும். இடுப்பில் ஊசி போட்டிருந்தாலும் ஏறும். ஸ்டாடின் காரணமாக இருக்கலாம். டோலுடெக்ராவிர் எடுப்பவர்களில் சிலருக்கும் ஏறுகிறது. முன்பு ஜிடோவுடின் பல வருடம் எடுத்தவர்களுக்குத் தசை பலவீனம் வருவதுண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் சி.பி.கே.யும் ஏறும், கொழுப்பும் ஏறும். அதனால் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுக்கு தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை ஒன்று பார்த்துவிடுவது நல்லது.

இவருக்குத் தசை வலி இல்லை, மூத்திரம் வழக்கமான நிறத்தில் போகிறது என்றால் அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள். சி.பி.கே. எல்லையின் பத்து மடங்கைத் தாண்டினாலோ, உடம்பெல்லாம் வலித்து மூத்திரம் கட்டன் டீ நிறத்தில் போனாலோ ஸ்டாடினை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

கிரியாட்டினின் பற்றி ஒரு வார்த்தை. டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் அது 0.1 அல்லது 0.2 அளவுக்கு ஏறும். சிறுநீரகம் கிரியாட்டினினை வெளியேற்றும் ஒரு வழியை அந்த மருந்து கொஞ்சம் அடைக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரகத்துக்குச் சேதம் இல்லை. அதற்குமேல் ஏறிக்கொண்டே போனால் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி. தனியாக ஏறினால்

அப்போது பேச்சு கல்லீரலைப் பற்றியது. மஞ்சள் காமாலை வைரஸ்கள், மது, காசநோய் மாத்திரைகள், கல்லீரல் கொழுப்பு, நாட்டு மருந்துகள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். முன்பு நெவிரபின் என்ற ஏ.ஆர்.டி. மருந்து முக்கியமான காரணமாக இருந்தது. இப்போது அதை எடுப்பவர்கள் குறைவு. அடசனாவிர் எடுப்பவர்களுக்குக் கண் மஞ்சளாகலாம், பிலிருபின் 3, 4 என்று போகலாம்; எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தால் அதனால் கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஒன்றை அழுத்தமாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கிவைக்கின்றன. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அந்த வைரஸ் திரும்ப எழும். எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டிப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நொதி ஏறியதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தி, அதனாலேயே நொதி பல மடங்கு ஏறுவதைவிடக் கொடுமை வேறில்லை.

நொதிக்கும் இதயத்துக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டென்றால் அது இந்தக் கல்லீரல் கொழுப்பின் வழியாகத்தான். மது அருந்தாதவர், ஹெபடைடிஸ் இல்லை, ஆனாலும் எஸ்.ஜி.பி.டி.யும் ஜி.ஜி.டி.யும் மாதக்கணக்கில் லேசாக உயர்ந்தே இருக்கின்றன. தொப்பை இருக்கிறது. டோலுடெக்ராவிருக்கு மாறிய பிறகு பலருக்கு எடை கூடுகிறது, பெண்களுக்கு இன்னும் அதிகமாக. இந்தக் கல்லீரல்காரருக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம், மாரடைப்பு வரும் வாய்ப்பும் அதிகம். அவருக்கு அந்த எண் தருகிற செய்தி: இடுப்பை அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. பத்து ரூபாய் டேப் போதும்.

‘கேஸ்’ என்ற ஆபத்து

கொல்கத்தாவில் வயிறு உப்பினாலும் நெஞ்சு எரிந்தாலும் முதுகு பிடித்தாலும் முதலில் சொல்லப்படும் காரணம் ‘கேஸ்’, அல்லது ‘அம்போல்’. தெருமுனை மருந்துக்கடையில் ஒரு ஆன்டாசிட் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வந்து குடியேறிய தமிழர்களும் இந்தப் பழக்கத்தைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்கு இது இரண்டு வகையில் கெடுதல்.

முதலாவது, நெஞ்சின் நடுவில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றில் எது இருந்தாலும் அதை மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக வரலாம். வயது 38, 40தானே என்று தள்ளிப்போடாதீர்கள். தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எமர்ஜென்சியில் வங்காள மொழியில் ‘புக்கே பேத்தா’ என்று சொன்னால் போதும், நெஞ்சு வலி என்று புரிந்துகொள்வார்கள்.

அங்கே முதல் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். ட்ரோபோனின் மாரடைப்பு தொடங்கி சில மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் தெளிவாகத் தெரியும். அதனால் முதல் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்றதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. சில மணி நேரத்தில் மறுபடி எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஏறி இறங்கும் போக்கைப் பார்ப்பது அதனால்தான்.

இரண்டாவது கெடுதல் மாத்திரை சம்பந்தப்பட்டது. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட் திரவமோ மாத்திரையோ டோலுடெக்ராவிரோடு வயிற்றில் சேர்ந்தால், டோலுடெக்ராவிர் ரத்தத்தில் சரியாக ஏறாது. டி.எல்.டி.யை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆன்டாசிட் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை மட்டும் டி.எல்.டி.யோடு ஒன்றாக எடுக்கலாம். பான்டோபிரசோல் டோலுடெக்ராவிருக்குத் தொந்தரவு செய்யாது. ஆனால் இரண்டாம் கட்ட மருந்தான அடசனாவிர் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். அதை எடுப்பவர் பான்டோபிரசோல் சாப்பிடவே கூடாது. மருந்துக்கடைக்காரருக்கு இது தெரிந்திருக்காது.

இதய டாக்டரிடம் சொல்வதா

லேக் மார்க்கெட், தேசப்ரியா பார்க் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்தவை. கோயிலில் பார்ப்பார்கள், காபிப்பொடிக் கடையில் பார்ப்பார்கள். விஷயம் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் நெஞ்சு வலியோடு போய்ப் படுத்திருக்கும்போதும் பலர் ஏ.ஆர்.டி. எடுப்பதை மறைக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரரிடம் மறையுங்கள், அது உங்கள் உரிமை. சிகிச்சை செய்கிற டாக்டரிடம் மறைத்தால் மருந்துகள் ஒன்றோடொன்று மோதும்.

ரிட்டோனாவிர் கலந்த இரண்டாம் கட்ட மருந்து எடுப்பவருக்கு சிம்வாஸ்டாடின் கொடுத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் கொடுப்பதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் டிகாக்ரெலார் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்து ரத்தக்கசிவு ஏற்படுத்தும். குளோபிடோக்ரெலோ வேலையே செய்யாமல் போகலாம். டி.எல்.டி. எடுப்பவருக்கு இந்த மோதல்கள் இல்லை. ஆனால் அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் டாக்டர் யோசிக்க வேண்டுமானால் என்ன மாத்திரை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது அதன்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் நிலையை மற்றவர்களிடம் வெளியிடுவதையும் அது தடுக்கிறது. வார்டில் உறவினர் சுற்றி நிற்கும்போது சொல்லத் தயங்கினால், மாத்திரைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் நேராகக் கொடுங்கள். மறுக்கிறார்கள், அலைக்கழிக்கிறார்கள் என்றால் 1097 என்ற தேசிய இலவச எண்ணில் கேளுங்கள், ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சிலரிடமும் சொல்லுங்கள்.

இதயத்தைக் காப்பது எது

முதல் இடம் ஏ.ஆர்.டி.க்குத்தான். 2006இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வு 5,472 பேரை எடுத்துக்கொண்டு, மருந்தை விட்டு விட்டு எடுப்பது பக்கவிளைவைக் குறைக்குமா என்று பார்த்தது. மாத்திரையை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் மட்டுமல்ல, இதய நோயும் கூடியது. மருந்தே இதயத்தைக் கெடுக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. மாரடைப்போடு தொடர்புபடுத்தப்படும் மருந்து ஒன்று உண்டு, அபகாவிர். அதை எடுப்பவர்கள், குறிப்பாகப் புகைப்பவர்கள், மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

அடுத்தது ஸ்டாடின். இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வு 2023இல் வெளிவந்தது. எல்லோரும் ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள், இதய நோய் இல்லாதவர்கள், வழக்கமான கணக்குப்படி ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று சொல்லப்பட்டவர்கள். தினமும் பிடாவாஸ்டாடின் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. சிலருக்குத் தசை வலியும் சர்க்கரையும் சற்றுக் கூடின. நாற்பதைத் தாண்டியவர்கள் ‘எனக்குக் கொழுப்பு நார்மல்தானே’ என்று இருந்துவிடாமல், ஸ்டாடின் தேவையா என்று அடுத்த தடவை கட்டாயம் கேட்க வேண்டும் என்பேன். எந்த ஏ.ஆர்.டி. என்பதைப் பொறுத்து எந்த ஸ்டாடின் என்று முடிவாகும்.

மற்றது எந்த நொதி வரியிலும் தெரியாது. தினமும் ஒரு கட்டு பீடி குடிப்பவரின் எஸ்.ஜி.ஓ.டி. 25 ஆக இருக்கும். ரத்த அழுத்தம் 170 இருப்பவரின் சி.பி.கே. அழகாக இருக்கும். அவர்கள் ரிப்போர்ட்டைக் காட்டி ‘எல்லாம் நார்மல்’ என்று சந்தோஷப்படுவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. மாத்திரை வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள். பீடியைக் குறைப்பதில் பயன் குறைவு. நாளைக்கு இரண்டு மூன்றுகூட இதயத்துக்குக் கெடுதல்தான். விட்டுவிட வேண்டும். சாப்பாட்டில் பெரிய தியாகம் தேவையில்லை: எண்ணெயில் பொரித்த காலை லுச்சியும் மாலை தேலேபாஜாவும் தினசரியாகாமல், மீன் குழம்பு தினசரியாகட்டும், தட்டில் பச்சை உப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் போகட்டும்.

மேற்கு வங்க அரசு மருத்துவமனைகளில் அவுட்டோர் சீட்டு இரண்டு ரூபாய். எஸ்.எஸ்.கே.எம். என்ற ‘பி.ஜி.’ ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகத்திலுள்ள நியாய விலை மருந்துக்கடையில் ஸ்டாடினும் ரத்த அழுத்த மாத்திரையும் வெளியே விற்பதைவிட மலிவு. ரத்தம் கொடுப்பதற்கு முந்தின சில நாட்கள் பளு தூக்காமல், மது தொடாமல் இருங்கள். ஒரே லேபில் தொடர்ந்து எடுங்கள், எண்களை ஒப்பிட அது உதவும். சென்னைக்கோ திருச்சிக்கோ வேலை மாறிப் போகிறவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் மாற்றல் கடிதம் வாங்கும்போது, கடைசி இரண்டு ரத்த ரிப்போர்ட்டையும் ஒரு ஈ.சி.ஜி. நகலையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் நெஞ்சு வலித்துப் போகும்போது, பழைய ஈ.சி.ஜி. கையில் இருந்தால் புதிதாக மாறியது எது என்று அங்குள்ள டாக்டருக்கு உடனே தெரியும்.